சும்மா தட்டு

எதுவுமே ஊற்றாமல் வைத்த தட்டு எப்படிப் பச்சையாக ஒளிரும்? மூன்று வாரமாக அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை, இதே கேள்விதான். ஒளிராது. ஒளிரவே கூடாது. ஒளிர்கிறதென்றால் இரண்டில் ஒன்று. மூன்று வருடம் கண் நோக உட்கார்ந்து அவள் வடிவமைத்த புரதம் உதவாக்கரை. இல்லையென்றால் எவனோ அதில் கை வைத்திருக்கிறான். முதலாவதை யோசித்துப் பார்க்கக்கூட அவள் தயாராக இல்லை. அப்படியானால் மிச்சம் என்ன? எவனோ கை வைத்திருக்கிறான். எவனோ என்ன எவனோ, எதிர்ப்பக்கத்துப் பையன் சாவகாசம்தான்!

அந்த ஆய்வகத்தில் அவளை எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த டாக்டரம்மாவே, ஆய்வகத்தின் தலைவி, கோபமில்லாத நாட்களில் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பயந்துவிடாதீர்கள். நம் உடம்பிலுள்ள செல்லுக்குள் சில நேரம் பெராக்சைடு மாதிரி, மிளகாயாய் எரிக்கிற காரச் சரக்கு அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடும். இரும்பைத் துரு தின்கிற மாதிரி அது உள்ளே இருப்பதையெல்லாம் அரிக்கும். ஆக்சிஜனேற்ற நெருக்கடி என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். அந்த நெருக்கடியை மோப்பம் பிடித்து, உடனே ஒரு மரபணுவைத் தட்டியெழுப்பி வேலை வாங்குகிற புரதம் ஒன்றைத் துண்டு துண்டாகக் கோத்துச் செய்வதுதான் அக்காவின் பாடு.

மூன்று துண்டு. காரத்தை மோப்பம் பிடிக்கிற துண்டுக்கு லேபில் மூக்கு என்று பெயர். டி.என்.ஏ.வில் சரியான இடம் பார்த்துப் பற்றிக்கொள்கிற துண்டு கை. மரபணுவைப் படிக்கிற இயந்திரங்களை ‘வாங்க, இங்க வாங்க’ என்று கூவி அழைக்கிற துண்டு வாய். மூக்கு ஒரு பாக்டீரியாவிடம் வாங்கியது, வாய் ஒரு வைரஸிடம் வாங்கியது. நடுவில் இணைக்க ஒரு குட்டி நூல். நூல் குட்டையாகப் போனால் மூக்கும் கையும் முட்டிக்கொள்ளும். நீளமாகப் போனால் வாய் காரணமே இல்லாமல் எந்நேரமும் கத்திக்கொண்டிருக்கும். அக்கா பதினோரு மூக்கு மாற்றிப் பார்த்தாள். நூலை எத்தனை தடவை வெட்டி ஒட்டினாள் என்பதற்குக் கணக்கே இல்லை.

வேலை செய்கிறதா என்று பார்க்க, எழுப்பப்படுகிற மரபணுவாகப் பச்சையாய் ஒளிர்கிற ஒன்றை வைத்துவிடுவார்கள். பெராக்சைடு ஊற்றிய தட்டிலுள்ள செல்கள் பச்சையாக மின்ன வேண்டும். ஒன்றுமே ஊற்றாத தட்டு இருண்டு கிடக்க வேண்டும். ஒன்றுமே செய்யாத அந்தத் தட்டுக்கு லேபில் சும்மா என்று பெயர். ‘சும்மா எப்படி இருக்கு?’ என்றுதான் காலையில் ஒருவரை ஒருவர் விசாரிப்பார்கள். சும்மா மின்னினால் டிசைன் ஒழுகுகிறது என்று அர்த்தம். வடிவமைப்பவர்களிடம் ‘ஒழுகுது’ என்று சொல்வது, கல்யாண வீட்டுச் சமையல்காரரிடம் சாப்பாடு ஊசிப்போயிருக்கிறது என்று சொல்வதற்குச் சமம்.

சாவகாசமும் இதே வேலையைத்தான் செய்தான். அதே பெஞ்சு, எதிர்ப்பக்கம், வேறொரு மூக்கு. ஆள் பெயருக்கேற்ற மாதிரி. தீ விபத்து மணி அடித்தாலும் கையுறையைக் கழற்றி, மடித்து, குப்பைத் தொட்டியைத் திறந்து போட்டுவிட்டுத்தான் கிளம்புவான். தட்டை இன்குபேட்டருக்குள் வைத்தானென்றால் மூன்றாம் நாள்தான் எட்டிப் பார்ப்பான். அவனுடைய சும்மா தட்டுகள் அமாவாசை மாதிரி இருண்டு கிடந்தன. அதுதான் அக்காவின் வயிற்றெரிச்சல்.

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அறிவிப்பு வந்தது. நிரந்தர வேலை ஒன்று, ஒன்றே ஒன்று. எந்த டிசைனை மேலே எடுத்துப் போவது என்று குழு நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை முடிவு செய்யும். அதைச் செய்தவருக்கு வேலை. போன மாதம்வரை இருட்டாக இருந்த அக்காவின் சும்மா, அறிவிப்பு வந்த வாரத்திலிருந்து மின்ன ஆரம்பித்தது. இது தற்செயலாம்! அவள் காதில் யாரும் பூச்சுற்ற முடியாது.

“ஒழுகுதும்மா” என்றாள் டாக்டரம்மா, படங்களைப் பார்த்துவிட்டு.

“ஒழுகலை டாக்டரம்மா. யாரோ விளையாடறாங்க.”

“யாரு?”

அக்கா சொல்லவில்லை. சொல்கிற விஷயமா அது? இந்தத் தொழிலில், அடுத்தவர் தட்டில் கை வைத்தான் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் போதும். அதற்கப்புறம் எந்த லேபும் அவனை வாசல்படி ஏற விடாது. படிப்பு, உழைப்பு எல்லாம் கோவிந்தா. அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் முதலில் கையும் களவுமாகப் பிடிக்கப் பார்த்தாள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள் என்றே சொல்ல வேண்டும். மணிக்கொரு தடவை இன்குபேட்டரைத் திறந்து, சும்மா தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, மைக்ராஸ்கோப்பின் நீல விளக்கில் வைத்து, மூலை முடுக்கு விடாமல் பார்த்துவிட்டு வைப்பாள். பெராக்சைடு ஊற்றிய தட்டுகளை யார் பார்த்தார்கள்? அவை மின்னட்டும், அதுதானே அவற்றின் வேலை. திருடன் சும்மாவில்தானே கை வைக்கிறான்!

காலையில் இருட்டு. மத்தியானம் லேசான பச்சை. சாயங்காலம் பளிச்.

மூடிகளை ஒட்டுத்தாளால் ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் பேனாவால் குறுக்குக் கோடு போட்டாள். கோடு கலையவில்லை, ஆனால் தட்டு மின்னியது. வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே யோசித்திருப்பாள். அக்கா என்ன யோசித்தாள் தெரியுமா? செல்களுக்கு உணவாக ஊற்றுகிற மீடியம் இருக்கிறதே, அந்த இளஞ்சிவப்புத் திரவம், அந்த பாட்டிலிலேயே கலந்துவிட்டான் என்று யோசித்தாள். புது பாட்டில் உடைத்துத் தன் அலமாரியில் பூட்டி வைத்தாள். அப்புறமும் மின்னியது. அப்படியென்றால் சாவியும் வைத்திருக்கிறான், பாவி!

ஒருநாள் இப்படி மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

“சும்மாவைக் கொஞ்சம் சும்மா விடுங்கக்கா. இப்படி மணிக்கொரு தடவை பாத்தா அதுக்கும் கண்ணு பட்டுடும்.”

சாவகாசம், கையில் டீக்கோப்பையோடு. சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அக்காவுக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. ‘பார்க்காதே’ என்கிறான். பார்த்தால் இவனுக்கென்ன? பார்க்காமல் இருந்தால் யாருக்கு வசதி?

“நான் என் தட்டைப் பாக்கறேன். உனக்கென்னப்பா?”

“எனக்கென்னக்கா, சும்மாதான் சொன்னேன்.”

வீட்டில் கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். விடைத்தாள் கட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நேரா அவனையே கேட்டுட வேண்டியதுதானே?”

“கேட்டா ஒத்துக்குவானா?”

“அப்ப கேக்காமயே முடிவு பண்ணிட்டே.”

“நீங்க யார் பக்கம்?”

“நான் இந்த நாப்பத்திரண்டு விடைத்தாள் பக்கம்மா” என்று அவர் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டார். வீட்டிலும் ஆதரவில்லை என்று ஆனதும் அக்காவுக்குப் பிடிவாதம் இன்னும் ஏறியது.

சனிக்கிழமை புதிதாக ஆறு சும்மா தட்டுகள் போட்டாள். திங்கட்கிழமை காலையில் எண்ணிப் பார்த்தால் ஐந்துதான் இருக்கின்றன. மறுபடி எண்ணினாள். ஐந்து. ஆறாவது எங்கே? வேறென்ன அத்தாட்சி வேண்டும்! அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதினாள். தட்டு காணாமல் போனது, மீடியம், சாவி, மின்னுகிற நேரம், எல்லாவற்றையும் எழுதினாள். ‘என் தட்டுகளை அடிக்கடி பார்க்க வேண்டாம் என்று அவர் என்னை எச்சரித்தார்’ என்றும் எழுதினாள். எழுதும்போது ‘எச்சரித்தார்’ என்ற இடத்தில் பேனா ஒரு நொடி நின்றது. அவன் சிரித்துக்கொண்டல்லவா சொன்னான்? நின்ற பேனா அப்புறம் ஓடிவிட்டது.

பதினொரு மணிக்குக் கடிதம் டாக்டரம்மாவின் மேசைக்குப் போனது. பன்னிரண்டு மணிக்குச் சாவகாசத்தைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது அவன் முகத்தில் ஈயாடவில்லை. கழுத்தில் தொங்குகிற அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு, விசாரணை முடிகிறவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெஞ்சுக்கு வந்து கையுறையைக் கழற்றினான். மடித்தான். தொட்டியைத் திறந்து போட்டான்.

“நான் தொடவே இல்லைக்கா” என்றான்.

அக்கா நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டீ நேரத்துக்குள் பக்கத்து இரண்டு லேபுகளுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. படிக்கட்டில் எதிரே வந்த ஒருத்தி, “எப்பேர்ப்பட்ட ஆளு பாருங்க, மூஞ்சிய பாத்தா தெரியலையே” என்று அனுதாபப்பட்டாள். அக்காவுக்கு அது இதமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஐந்து புதுத் தட்டுகள் போட்டாள். அவன் இல்லை, அட்டை இல்லை, கட்டடத்துக்குள்ளேயே வர முடியாது. இனி நிம்மதி. நிரூபித்துவிட வேண்டுமென்ற ஆவலில் வழக்கத்தைவிட அதிகமாகவே போய்ப் போய்ப் பார்த்தாள். புதன்கிழமை மத்தியானம் பார்க்கிறாள், ஐந்து தட்டும் ‘வந்தேன் பார்’ என்று பச்சைப் பசேலென்று மின்னுகின்றன.

அவனுக்குக் கூட்டாளி இருக்கிறானா? ஒருவேளை அந்தப் படிக்கட்டு அனுதாபக்காரியா? இப்படியும் அரை மணி நேரம் யோசித்தாள், என்ன செய்வது, பழகிப்போன மனசு.

வியாழக்கிழமை காலை, “அவன் அடுக்கைக் காலி பண்ணிடு அக்கா, இடமாவது கிடைக்கும்” என்றாள் டாக்டரம்மா. இன்குபேட்டரின் கீழடுக்கு அவனுடையது. மூடிகளில் ‘சா’ என்று எழுதியிருக்கும். அக்காவின் மூடிகளில் ‘அ’. ஒவ்வொன்றாக எடுத்தாள். கடைசியில் ஒரு தட்டு. மூடியில் ‘சா’. ஆனால் அந்த ‘சா’வின் கால் வளைந்திருந்த விதம் அவளுக்குத் தெரிந்த விதம். கீழே தேதி, சனிக்கிழமை. மூடியைச் சுற்றி ஒட்டுத்தாள், குறுக்கே பேனாக்கோடு.

காணாமல் போன ஆறாவது தட்டு. திருடியவன் அங்கேயே வைத்திருக்கிறான், மடையன், என்றுதான் முதலில் தோன்றியது. இரண்டாவதாகத்தான் உறைத்தது: எழுத்து அவளுடையது. சனிக்கிழமை முழுக்க அவனைப் பற்றியே கறுவிக்கொண்டிருந்தவள், மூடியில் தன் எழுத்துக்குப் பதிலாக அவன் எழுத்தைப் போட்டு, அவன் அடுக்கிலேயே வைத்தும் விட்டாள். அவளே செய்தாள். அவளைத் தவிர வேறு யாரும் செய்யவில்லை.

அதை மைக்ராஸ்கோப்பில் வைத்து நீல விளக்கைப் போட்டாள். கும்மிருட்டு. ஐந்து நாளில் செல்கள் பெருகிக் கூட்டம் நெரிந்து கிடந்தன, ஆனால் ஒரு பொட்டுப் பச்சை இல்லை. அதே செல், அதே மீடியம், அதே நாள். இந்த ஒரு தட்டு மட்டும் ஏன் இருட்டாக இருக்கிறது? இதற்கு மட்டும் என்ன செய்யவில்லை?

பார்க்கவில்லை.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மீடியத்தில் வைட்டமின் இருக்கிறது, ரைபோஃப்ளேவின். நீல வெளிச்சம் பட்டால் அது பெராக்சைடை உண்டாக்கும். முதல் வருட மாணவிகளுக்கு அவளே பாடம் எடுத்திருக்கிறாள்! அந்தத் துளியூண்டு காரத்தைக் கூட அவளுடைய மூக்கு விடாமல் மோப்பம் பிடித்திருக்கிறது. வேலை அறிவிப்பு வந்த பதற்றத்தில் அவள் தட்டுகளை அடிக்கடி எடுத்துப் பார்க்க ஆரம்பித்ததில்தான் முதல் பச்சையே வந்திருக்கிறது. அவள் சந்தேகப்பட்டுப் பார்க்கப் பார்க்கச் சும்மாவுக்கு நெருக்கடி. நெருக்கடியைக் கண்டு அது மின்ன, மின்னுவதைக் கண்டு அவள் இன்னும் சந்தேகப்பட்டு இன்னும் பார்க்க. சாவகாசத்தின் தட்டுகள் ஏன் இருட்டாக இருந்தன? மூன்றாம் நாள் வரை அவன் எட்டிப் பார்க்கவே இல்லை. ‘கண்ணு பட்டுடும்’ என்று விளையாட்டுக்குச் சொன்னான். அதைத்தான் எச்சரிக்கை என்று கடிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

வெறும் ஊகத்தை வைத்து இன்னொரு தடவை முடிவெடுக்க அவளுக்குத் தைரியமில்லை. அன்றைக்கே ஆறு புதுத் தட்டுகள் போட்டு, மூன்றை அலுமினியத் தாளில் சுற்றி உள்ளே வைத்தாள். மூன்றை மணிக்கொரு தடவை எடுத்து விளக்கில் காட்டினாள். வெள்ளிக்கிழமை காலை தாளைப் பிரித்தால் மூன்றும் இருட்டு. விளக்கில் காட்டியவை மூன்றும் பச்சை.

டாக்டரம்மா படங்களைப் பார்த்துத் துள்ளிக் குதிக்காத குறை.

“இவ்வளவு நுணுக்கமாவா மோப்பம் பிடிக்குது! ஒழுகவே இல்லையே! அக்கா, சாதிச்சுட்டே நீ. மத்தியானம் குழுவுல இதையே காட்டு.”

“டாக்டரம்மா, அந்தப் பையன்...”

“அதை நான் பாத்துக்கறேன். ‘ஆதாரம் இல்லை’ன்னு ஒரு வரி எழுதி மூடிடலாம். நீ எதையாவது இழுத்து விட்டுக்காதே. பொய்ப் புகார் குடுத்தவள்னு ஆயிட்டா இந்த வேலை உனக்குக் கிடைக்காது.”

வேலை. அதற்காகத்தானே இத்தனையும். அடுத்த ஒரு நிமிடம் அக்காவின் மனசு எங்கெல்லாம் போய்வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆதாரம் இல்லை என்றால் என்ன அர்த்தம்? செய்தான், மாட்டவில்லை என்றுதான் நாலு பேர் படிப்பார்கள். அவளே அப்படித்தான் படித்திருப்பாள்.

“நானே சொல்லிடறேன்” என்றாள்.

குழுவின் முன்னால் சொன்னாள். ‘சா’ என்று எழுதிய தட்டைக் காட்டி, இது என் கையெழுத்து என்றாள். அவர் எதையும் தொடவில்லை, விளக்கைப் போட்டது நான், புகார் கொடுத்ததும் நான் என்றாள். குழுவில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். டிசைன் நன்றாக இருக்கிறது, வேலையைப் பற்றி அப்புறம் பேசலாம் என்று எழுந்து போனார்கள்.

திங்கட்கிழமை சாவகாசம் வந்தான். அட்டை கழுத்தில் தொங்கியது. இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருந்த வார்த்தையெல்லாம் அக்காவுக்கு மறந்துபோனது.

“மன்னிச்சுடுப்பா. உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கலை.”

“விடுங்கக்கா.” அவன் குடுவைகளை வரிசையாக எடுத்து வைத்தான். கடைசிக் குடுவையை வைத்ததும், “ஒரு உதவி பண்ணுவீங்களா?” என்றான்.

“சொல்லுப்பா, என்ன வேணும்னாலும்.”

“வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். பக்கத்து லேப்காரங்க ஒருத்தர் எங்க மாடியிலதான் இருக்காங்க. அவங்க சொல்லி அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. முதல் நாளே ‘செஞ்சியாடா?’ன்னு கேட்டாங்க. இல்லேன்னேன். சரின்னாங்க. மறுநாள் டீ குடுக்கறப்ப திரும்பக் கேட்டாங்க. நேத்து, எல்லாம் சரியாயிடுச்சும்மா, கூப்பிட்டுட்டாங்கன்னேன். ‘யாரு கால்ல விழுந்தே?’ன்னு கேக்கறாங்கக்கா.”

சாயங்காலம் ஐந்து மணிக்கு இருவரும் போனார்கள். மூன்றாவது மாடி. உள்ளே ஜன்னலோரமாக உட்கார்ந்து அம்மா அவனுடைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அக்கா உட்காரக்கூட இல்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். செல்பேசியில் இருட்டுத் தட்டையும் பச்சைத் தட்டையும் காட்டினாள்.

“உங்க பிள்ளை ஒண்ணுமே செய்யலம்மா. தப்பு முழுக்க என்னோடது. நான்தான் பாத்துப் பாத்துக் கெடுத்தேன், நான்தான் எழுதியும் குடுத்தேன்.”

“வெளிச்சம் பட்டதுக்கே அப்படி ஆகுமாம்மா?”

“ஆகும்மா.”

அம்மா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். “நின்னுக்கிட்டே இருக்கியே, உக்காரும்மா. டேய், தண்ணி கொண்டா.”

அவன் சமையலறைக்குள் போனான். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அம்மா முன்னால் சாய்ந்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

“நீ நல்லா இருக்கணும்மா. பெத்தவ மனசு ஆறணும்னு இவ்வளவு தூரம் வந்திருக்கே. என்கிட்ட மட்டும் நெஜத்தைச் சொல்லிடு. அவன் கெஞ்சினதாலதானே பழியை உன் மேல போட்டுக்கறே?”

“ஐயோ, இல்லம்மா! சத்தியமா இல்ல. அவன் செய்யவே இல்ல.”

“சரி, சரி.” அம்மா அவள் கையை ஆதரவாகத் தட்டிக் கொடுத்தாள். “நான் அவன்கிட்டக் காட்டிக்க மாட்டேன்.”

அக்கா சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குழாய்ச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது.